ஜப்பானிய நாயினங்களின் நிற மரபும் ஓநாய்க் கலப்பும்

ஜப்பானிய நாயினங்களின் நிற மரபு என்பது ஜப்பானின் நாட்டு நாயினங்களில் மயிரின் நிறம் தலைமுறை தலைமுறையாகக் கடந்து வரும் முறையைக் குறிக்கும். அகிதா, காய், கிஷு, ஷிபா, ஷிகொக்கு, ஹொக்கைடோ ஆகிய ஆறும் இன்று எஞ்சியுள்ள நாட்டு இனங்கள். இவற்றில் கறுப்பு நுனியுடைய மயிர்கள் கலந்து வளரும் நாய்கள் தோற்றத்தில் ஓநாயை ஒத்திருப்பதால், அவை ஜப்பானிய ஓநாயோடு கலந்து பிறந்தவை என்ற நம்பிக்கை வேட்டைக்காரர்களிடமும் வளர்ப்போரிடமும் நெடுங்காலம் இருந்தது. நிறத்துக்குக் காரணமான மரபணுக்கள் கண்டறியப்பட்ட பின்னர் நிறமும் வம்சமும் தனித்தனியே கடப்பவை என்பது தெளிவானது. ஆனால் அதற்கு முன்பே நிறத்தைக் கொண்டு தூய்மையை அளந்த விதிகள் இந்த இனங்களின் தோற்றத்தை மாற்றிவிட்டிருந்தன.

நாயும் ஓநாயும்

ஜப்பானில் நாய்கள் ஜோமோன் காலத்திலேயே மனிதர்களோடு வாழ்ந்தன. ஷிகொக்கு தீவின் எஹிமே மாவட்டத்தில் உள்ள காமிகுரோய்வா பாறைக் குகையில் 7,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நாய் எலும்புகள் புதைக்கப்பட்ட நிலையில் கிடைத்தன. பிற்காலத்தில் நெல் வேளாண்மையோடு வந்த யாயோய் குடியேறிகளும் தங்கள் நாய்களைக் கொண்டுவந்தனர். மலைகளால் பிரிக்கப்பட்ட நாட்டில் ஒவ்வொரு பள்ளத்தாக்கின் நாய்களும் தமக்குள்ளேயே இனம்பெருக்கின. பகுதிக்கொரு சாயல் உருவாக இதுவே காரணம்.

அதே மலைகளில் இரு வகை ஓநாய்கள் வாழ்ந்தன. ஹொன்ஷு, ஷிகொக்கு, கியூஷு தீவுகளில் இருந்தது உருவில் சிறிய ஜப்பானிய ஓநாய். வடக்கே ஹொக்கைடோவில் இருந்தது பெரிய எசோ ஓநாய். பயிரை அழிக்கும் பன்றியையும் மானையும் ஓநாய் கொன்றதால் உழவர்கள் அதை விரோதியாகக் கருதவில்லை. சிச்சிபு மலையில் உள்ள மிட்சுமினே கோயிலில் ஓநாய் இன்றும் தெய்வத்தின் தூதராக வணங்கப்படுகிறது. 1732-ல் நாகசாகி வழியாக வெறிநாய்க்கடி நோய் பரவியதும் இந்த உறவு குலைந்தது. வெறிபிடித்த ஓநாய்கள் மனிதரைக் கடித்தன. ஓநாய் வேட்டை பெருகியது. மெய்ஜி ஆட்சியில் ஹொக்கைடோவின் குதிரைப் பண்ணைகளைக் காக்க, அமெரிக்கரான எட்வின் டன்னின் ஆலோசனைப்படி ஸ்ட்ரிக்னைன் நஞ்சு வைக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் எசோ ஓநாய் அழிந்தது. ஜப்பானிய ஓநாயின் கடைசி உறுதியான மாதிரி 1905 ஜனவரியில் நாரா மாவட்டத்தின் ஹிகாஷி யோஷினோ பகுதியில் கிடைத்தது. உள்ளூர் வேட்டைக்காரர்களிடமிருந்து அந்த உடலை விலைக்கு வாங்கியவர் விலங்கு சேகரிப்பாளர் மால்கம் ஆண்டர்சன். அதன் தோலும் மண்டையோடும் லண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஓநாய் மறைந்த பின்னரும் அதன் நினைவு நாய்களின் மேல் ஏறிக்கொண்டது. கிஷு நாய் தோன்றிய கீ தீபகற்பத்தில் ஒரு கதை உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கித் தவித்த ஓநாயை வேட்டைக்காரர் ஒருவர் காப்பாற்றினார். நன்றிக்கடனாக அது தன் குட்டியைக் கொடுத்தது. அந்தக் குட்டியின் வழியில் வந்தவையே கிஷு நாய்கள் என்பது கதை. இதே போன்ற கதைகள் பிற மலைப்பகுதிகளிலும் சொல்லப்பட்டன. பன்றியை அஞ்சாமல் எதிர்க்கும் நாயின் துணிவுக்கு ஓநாய் இரத்தமே காரணம் என்பது இவற்றின் பொதுக் கருத்து.

நிறங்களின் பெயர்கள்

நாட்டு நாய்களின் நிறங்களுக்கு ஜப்பானிய மொழியில் எளிய பெயர்கள் வழங்குகின்றன. ‘அகா’ என்பது சிவப்பு. தமிழில் செவலை என்று சொல்லப்படும் நிறமே இது. ‘குரோ’ என்பது கறுப்பு. பெயர் கறுப்பு என்றாலும் கண்களுக்கு மேல் பொட்டும், கால்களிலும் கன்னங்களிலும் செம்பழுப்பும் இருக்கும். ‘ஷிரோ’ வெள்ளை. ‘தோரா’ என்றால் புலி. செவலை மேல் கறுப்பு வரிகள் ஓடும் புலிவரி நிறம் அது. ‘கோமா’ என்றால் எள். செவலை, கறுப்பு, வெள்ளை மயிர்கள் எள்ளைத் தூவியது போல் கலந்திருப்பதால் அந்தப் பெயர். ஓநாயை நினைவூட்டும் நிறம் இந்த எள் நிறமே.

இவற்றோடு ‘உராஜிரோ’ என்ற சொல்லும் முக்கியமானது. ‘அடிப்பக்க வெள்ளை’ என்பது அதன் பொருள். கன்னம், தாடையின் அடிப்பகுதி, மார்பு, வயிறு, கால்களின் உட்புறம், வாலின் அடிப்புறம் ஆகியவை வெளிறி இருப்பதை இது குறிக்கும். ஓநாய் உள்ளிட்ட பல காட்டு விலங்குகளின் அடிப்பக்கம் இப்படித்தான் வெளிறியிருக்கும். ஷிபா, அகிதா இனங்களின் தரவிதிகளில் உராஜிரோ இன்றியமையாத அடையாளம்.

பாதுகாப்பு இயக்கம்

1868-க்குப் பிறகு மேலைநாட்டு நாய்கள் ஜப்பானுக்குள் பெருமளவில் வந்தன. வெளிநாட்டவர் தம் நாய்களை ஆங்கிலத்தில் ‘கம்’ என்று அழைப்பதைக் கேட்டவர்கள், அதுவே நாயின் பெயர் என்று எண்ணி மேலைநாட்டு நாய்களை ‘காமே’ என்றார்கள். நகரங்களில் நாட்டு நாய்கள் அவற்றோடு கலந்து மறையத் தொடங்கின. அகிதா பகுதியில் நாய்ச்சண்டைக்காக உள்ளூர் நாய்களை தோசா நாய்களோடும் மேலைநாட்டுப் பெரிய நாய்களோடும் கலந்தனர். 1920-களில் பழைய சாயல் மாறாத நாயைக் காண்பதே அரிதாகிவிட்டது.

இந்த நிலையில் 1928-ல் சைட்டோ ஹிரோகிச்சி ஜப்பானிய நாய்கள் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். மலை ஊர்களுக்குச் சென்று வேட்டைக்காரர்களிடம் எஞ்சியிருந்த நாய்களைத் தேடிக் கணக்கெடுத்தார். ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்த ஹச்சிகோ என்ற அகிதா நாயைப் பற்றி 1932-ல் நாளிதழ் வழியாக நாடறியச் செய்தவரும் இவரே. வெளிர் நிறம் கொண்ட ஹச்சிகோவின் பதப்படுத்தப்பட்ட உடல் டோக்கியோவின் உவேனோவில் உள்ள தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1919-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி நாட்டு இனங்கள் ‘இயற்கை நினைவுச்சின்னம்’ என அறிவிக்கப்பட்டன. 1931-ல் அகிதா, 1934-ல் காய், கிஷு, கோஷி, 1936-ல் ஷிபா, 1937-ல் ஷிகொக்கு, ஹொக்கைடோ என ஏழு இனங்கள் இந்தத் தகுதியைப் பெற்றன. அவற்றுள் கோஷி பின்னர் அழிந்தது. 1934-ல் சங்கம் நாட்டு நாய்களுக்கான தரவிதியை வெளியிட்டது. காது, வால், உயரம், குணம் ஆகியவற்றோடு நிறமும் அதில் இடம்பெற்றது. மேலைநாட்டுக் கலப்பின் அடையாளமாகக் கருதப்பட்ட திட்டு நிறங்களை நீக்குவதும் நோக்கங்களில் ஒன்று. நாயின் வம்சத்தை அறிய அன்று வேறு வழி இல்லை. கண்ணால் காணக்கூடிய நிறமே சான்றாகக் கொள்ளப்பட்டது.

நிறம் கடக்கும் முறை

நாயின் மயிரில் இரண்டு நிறமிகளே உள்ளன. ஒன்று கறுப்பு தரும் யூமெலனின். மற்றது மஞ்சளும் செவலையும் தரும் பியோமெலனின். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த நிறமி உருவாகிறது என்பதே நாயின் நிறத்தை முடிவுசெய்கிறது. இதைப் பற்றிய விரிவான முதல் தொகுப்பை அமெரிக்க மரபியலாளர் கிளாரன்ஸ் குக் லிட்டில் 1957-ல் வெளியிட்டார். இனப்பெருக்கக் கணக்குகளை மட்டும் கொண்டு அவர் ஊகித்த மரபணுக்கள் பல, 2000-க்குப் பின் மூலக்கூறு ஆய்வுகளில் அடையாளம் காணப்பட்டன. ஜப்பானிய நாய்களைப் பொறுத்தவரை மூன்று மரபணுக்கள் முக்கியமானவை.

முதலாவது அகூட்டி மரபணு. இது செயல்படும்போது மயிர்க்கால் மஞ்சள் நிறமியை உருவாக்கும். நின்றால் கறுப்பு உருவாகும். மயிர் வளரும் காலத்தில் இது இயங்கி நிற்பதால் ஒரே மயிரில் கறுப்பும் மஞ்சளும் பட்டைகளாக அமையும். ஓநாயின் சாம்பல் நிறம் இப்படி வருவது. ஷிகொக்கு நாயின் எள் நிறத்துக்கும் இந்தப் பட்டை மயிர்களே அடிப்படை. இந்த மரபணுவின் மற்றொரு வடிவம் உடல் முழுவதும் மஞ்சளை உருவாக்கிச் செவலை நாயைத் தரும். இன்னொரு வடிவம் வயிற்றுப் பக்கத்தில் மட்டும் மஞ்சளை உருவாக்கி, முதுகைக் கறுப்பாக விட்டுவிடும். ‘குரோ’ நிற ஷிபா இந்த வகை.

இவ்வடிவங்களில் செவலை ஓங்கு தன்மை உடையது. அடுத்தது ஓநாய் நிறம். அதற்கும் அடுத்தது கறுப்பு முதுகு. ஒவ்வொரு நாயும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு படிகளைப் பெறுகிறது. செவலைப் படி ஒன்று இருந்தாலே நாய் செவலையாகத் தெரியும். உடனிருக்கும் மற்ற படி மறைந்திருக்கும், அல்லது முதுகில் கறுப்பு நிழலாக லேசாக வெளிப்படும். கறுப்பு முதுகுப் படியை மறைத்து வைத்திருக்கும் இரண்டு செவலை ஷிபாக்கள் கூடினால், நான்கில் ஒரு குட்டி கறுப்பாகப் பிறக்க வாய்ப்புண்டு. மாறாக, இரண்டு கறுப்பு ஷிபாக்களுக்குச் செவலைக் குட்டி பிறக்காது.

இரண்டாவது, பீட்டா டிஃபென்சின் என்ற புரதத்தைத் தரும் மரபணு. நோய் எதிர்ப்புப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்த இது நாயின் நிறத்தையும் கட்டுப்படுத்துகிறது என்பது 2007-ல் கண்டறியப்பட்டது. இதன் ஒரு வடிவம் உடல் முழுவதையும் கறுப்பாக்கும். மற்றொன்று மஞ்சள் வரவேண்டிய இடங்களில் கறுப்பு வரிகளை இடும். காய் நாய் முழுக்க முழுக்கப் புலிவரி இனம். குட்டிகள் ஏறத்தாழக் கறுப்பாகப் பிறந்து, வளர வளர வரிகள் வெளிப்படுகின்றன. கறுப்பு மிகுந்தது ‘குரோதோரா’, செவலை மிகுந்தது ‘அகாதோரா’, இரண்டுக்கும் நடுவில் ‘சூதோரா’ என அவை பிரித்து அறியப்படுகின்றன.

மூன்றாவது எம்.சி.1.ஆர் மரபணு. இது மயிர்க்காலில் கறுப்பு நிறமியை உருவாக்கச் சொல்லும் ஏற்பியைத் தருகிறது. இதன் பழுதான வடிவம் இரண்டு படிகளாகச் சேர்ந்தால் மயிரில் கறுப்பே உருவாகாது. மஞ்சள் மட்டும் மிஞ்சும். அந்த மஞ்சளும் வேறு மரபணுக்களால் நீர்த்துப்போனால் நாய் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ தெரியும். மூக்கும் கண்ணும் கறுப்பாகவே இருப்பதால் இது வெளிறல் நோய் அன்று. இந்த வெள்ளைக்கு அடியில் நாய் எள்ளாகவோ, செவலையாகவோ, கறுப்பாகவோ இருக்கலாம். அது அதன் குட்டிகளில்தான் தெரியவரும்.

ஒரே வெள்ளை, இரண்டு விதி

இந்த வெள்ளை ஒடுங்கு தன்மை உடையது என்பதை அறிந்தால் கிஷு, ஷிபா ஆகிய இரண்டு இனங்களின் வரலாறு விளங்கும்.

தொடக்ககாலக் கிஷு நாய்களில் எள், செவலை, புலிவரி, வெள்ளை எல்லாமே இருந்தன. பின்னர் வெள்ளை விரும்பப்பட்டது. அடர்ந்த காட்டில் பன்றியிலிருந்து நாயைப் பிரித்துக் காண வெள்ளை உதவும் என்று காரணம் சொல்லப்படுகிறது. ஒடுங்கு நிறத்தை நிலைநிறுத்துவது எளிது. தாயும் தந்தையும் வெள்ளையாக இருந்தால் குட்டிகள் அனைத்தும் வெள்ளையே. ஒரு சில தலைமுறைகள் வெள்ளையை மட்டும் தேர்ந்தாலே போதும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கிஷு என்றால் வெள்ளை நாய் என்றாகிவிட்டது. எள், செவலைக் கிஷுக்கள் இன்றும் ஏற்கப்படுகின்றன, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. புலிவரி அரிதாகிவிட்டது. ஓநாயின் குட்டியிலிருந்து தோன்றியதாகக் கதை சொல்லப்படும் இனம், ஓநாய் நிறத்தை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டது.

ஷிபாவில் நேர்மாறாக நடந்தது. இன்றைய ஷிபாக்களின் மூதாதைகளில் முக்கியமானவை ஷிமானே மாவட்டத்தின் இஷி என்ற நாயும், ஷிகொக்குவைச் சேர்ந்த கோரோ என்ற பெண் நாயும். போரும் அதன் பின் பரவிய டிஸ்டெம்பர் நோயும் இனத்தை மிகச் சில நாய்களாகச் சுருக்கின. அவற்றிலிருந்து மீண்ட ஷிபாக்களில் பெரும்பாலானவை செவலை. வெள்ளையில் உராஜிரோ தெரியாது என்பதால் கண்காட்சித் தரவிதி வெள்ளையை ஏற்கவில்லை. ஆனாலும் செவலைப் பெற்றோருக்கு வெள்ளைக் குட்டி பிறப்பது நிற்கவில்லை. வெள்ளைப் படியைச் சுமக்கும் செவலை நாயைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்பதே காரணம். குட்டியை விலக்கினாலும் அந்தப் படி பெற்றோரிடமும் உடன்பிறந்த நாய்களிடமும் தங்கிவிடும். வெள்ளையாகப் பிறப்பது கலப்பின் அடையாளம் என்று எண்ணியது தவறு. அது இனத்துக்குள்ளேயே மறைந்திருந்த பழைய சொத்து.

அகிதாவின் பிரிவு

நிறத்தைக் கொண்டு வம்சத்தைச் சீர்செய்ய முயன்றதன் மிகப்பெரிய எடுத்துக்காட்டு அகிதா. இரண்டாம் உலகப் போரின்போது உணவுப் பஞ்சத்தாலும், படைவீரர்களின் உடைக்குத் தோல் திரட்டப்பட்டதாலும் அகிதா நாய்கள் அழிவின் விளிம்புக்கு வந்தன. காவல் பணிக்குரிய ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு விலக்கு இருந்ததால், சிலர் தங்கள் அகிதாக்களை அவற்றோடு கலந்து காப்பாற்றினர். போருக்குப் பின் அமெரிக்க வீரர்கள் பெரிய உடலும் கறுப்பு முகமும் கொண்ட நாய்களை விரும்பி அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். ஜப்பானிலோ வளர்ப்போர் பழைய சாயலை மீட்க முயன்றனர். கறுப்பு முகமும் வெள்ளை மேல் திட்டுத் திட்டான நிறமும் அயல் கலப்பின் அடையாளங்களாக ஒதுக்கப்பட்டன. செவலை, எள், புலிவரி, வெள்ளை ஆகிய நான்கு மட்டும் எஞ்சின. அரை நூற்றாண்டுக்குள் இரண்டு நாடுகளின் நாய்களும் ஒன்றையொன்று ஒவ்வாத அளவுக்கு விலகின. பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பு 1999-ல் அவற்றை இரண்டு தனி இனங்களாகப் பிரித்தது.

ஓநாய்க் கலப்பில் நிறம்

ஓநாயும் நாயும் கலந்தால் நிறம் எப்படிக் கடக்கும் என்பது சோதனைகளால் அறியப்பட்டது. ரஷ்ய மரபியலாளர் இல்யின் ஓநாயையும் நாயையும் கலந்து, நான்கு தலைமுறைகள் வரை குட்டிகளைப் பின்தொடர்ந்து 1941-ல் முடிவுகளை வெளியிட்டார். கலப்பினக் குட்டிகளிலும் நிறங்கள் மெண்டலின் விதிப்படியே பிரிந்து சேர்ந்தன. ஓநாய் என்பதற்காக நிறம் தனி விதியைப் பின்பற்றவில்லை.

ஜப்பானிய நாய்களுக்கு இதைப் பொருத்தினால் விளைவு வியப்பானது. இரு செவலைப் படிகள் கொண்ட நாயும் சாம்பல் ஓநாயும் கலந்தால், செவலை ஓங்கு தன்மை உடையதால், குட்டிகள் பாதி ஓநாயாக இருந்தும் நிறத்தில் நாயாகவே தெரியும். மாறாக, ஓநாயே கலக்காத ஷிகொக்கு நாய், இரண்டு ஓநாய் நிறப் படிகளைக் கொண்டிருந்தால் அச்சு அசலாக ஓநாய் போல் தெரியும். ஓநாய் இரத்தத்தை நிறம் காட்டவும் செய்யாது, மறைக்கவும் கூடும்.

2009-ல் வெளியான ஆய்வு இதற்கு இன்னொரு கோணத்தைத் தந்தது. வட அமெரிக்காவின் கறுப்பு ஓநாய்களின் நிறம், முன்னொரு காலத்தில் நாய்களோடு ஏற்பட்ட கலப்பால் வந்தது என அது காட்டியது. காட்டு விலங்கின் தனி அடையாளமாகக் கருதப்பட்ட நிறம் நாய் கொடுத்தது. 2021-ல் வெளியான அகூட்டி மரபணு ஆய்வு, நாய்களின் செவலை நிறத்தைத் தரும் டி.என்.ஏ. பகுதி 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே சாம்பல் ஓநாயின் வழியிலிருந்து பிரிந்த, இன்று அழிந்துபோன ஒரு விலங்கிலிருந்து வந்தது எனக் கண்டது. அதே பகுதி ஆர்க்டிக் வெள்ளை ஓநாய்களிடமும் உள்ளது. வீட்டு நாயின் நிறமாகத் தோன்றும் செவலை, உண்மையில் மிகப் பழமையான காட்டு மரபு.

லெய்டன் மாதிரி

ஜப்பானிய ஓநாய்க்கு அறிவியல் பெயர் இடப்பட்ட மாதிரியின் கதையும் இதையே சொல்கிறது. தெஜிமாவில் தங்கியிருந்த ஜெர்மானிய மருத்துவர் சீபோல்ட், ஜப்பானியர் ‘ஒகாமி’ என்றும் ‘யாமாஇனு’ என்றும் இரண்டு பெயர்களால் விலங்குகளை வேறுபடுத்துவதைக் கவனித்தார். ஒகாமி என்றால் ஓநாய், யாமாஇனு என்றால் மலை நாய். அவர் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க், இரண்டும் ஒன்றே என முடிவுசெய்து 1839-ல் ஓநாய்க்குப் பெயரிட்டார். லெய்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த முதன்மை மாதிரி ஓநாயும் நாயும் கலந்த கலப்பினம் என மரபணு ஆய்வில் தெரியவந்தது. ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஒரு ஓநாய் வகையின் அளவுகோலாக இருந்தது கலப்பினம் என்பதைத் தோலையும் நிறத்தையும் பார்த்தவர் எவரும் உறுதிசெய்ய முடியவில்லை.

2024-ல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வின்படி, அறியப்பட்ட சாம்பல் ஓநாய்களில் நாய்க்கு மிக நெருங்கிய உறவு ஜப்பானிய ஓநாயே. அதன் மூதாதையின் மரபுப் பங்கு கிழக்காசிய நாய்களிடம் சிறிதளவு உண்டு, அதிகபட்சம் 5.5 சதவீதம். ஆனால் இந்தக் கலப்பு ஜப்பானின் மலைகளில் வேட்டை நாயும் ஓநாயும் கூடி நிகழ்ந்ததன்று. நாய்கள் ஜப்பானை அடைவதற்கு முன்பே, அவற்றின் மூதாதைகளுக்கும் ஜப்பானிய ஓநாயின் மூதாதைகளுக்கும் இடையே கண்டத்தில் நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் டிங்கோவிடமும் நியூகினியின் பாடும் நாயிடமும் அந்தப் பங்கு இருப்பது இதற்குச் சான்று.

வரலாற்று இடம்

கீ தீபகற்பத்துக் கதை ஒரு வகையில் உண்மையாகிறது. கிஷு நாயிடம் ஓநாய் வழி உண்டு. ஆனால் அது எள் நிறக் கிஷுவுக்கு மட்டும் உரியதன்று. வெள்ளைக் கிஷுவுக்கும், செவலை ஷிபாவுக்கும், வரி போட்ட காய் நாய்க்கும் அது பொதுச் சொத்து. நிறத்தைத் தரும் மரபணுக்கள் நாயின் ஏறத்தாழ 20,000 மரபணுக்களில் ஒரு சில மட்டுமே. அவற்றைக் கொண்டு மற்றவற்றின் வரலாற்றைப் படிக்க முடியாது.

1930-களின் பாதுகாப்பு இயக்கம் இல்லாவிட்டால் இந்த ஆறு இனங்களும் கோஷியின் வழியில் சென்றிருக்கக்கூடும். அதே இயக்கம், தன் காலத்தின் அறிவுக்கு எட்டிய வரை, நிறத்தைத் தூய்மையின் சான்றாகக் கொண்டது. அதன் விலையாக ஏற்கெனவே சிறுத்திருந்த இனங்களில் இனப்பெருக்கத்துக்குரிய நாய்களின் எண்ணிக்கை மேலும் குறைந்தது. ஒரு நிறத்தை விலக்கும்போது அந்த நாயோடு அதன் செவித்திறன், நோய் எதிர்ப்பு, வேட்டைக் குணம் அனைத்தும் சேர்ந்தே விலக்கப்படுகின்றன. இன்று ஒரு சொட்டு இரத்தமோ எச்சிலோ கொண்டு நாய் சுமக்கும் நிறப் படிகளையும் அதன் உறவு நெருக்கத்தையும் தனித்தனியே அறிய முடிகிறது. எஞ்சியிருக்கும் எள் நிறக் கிஷுவையும் புலிவரிக் கிஷுவையும் காப்பதற்கான அறிவியல் காரணம், அவை ஓநாயைப் போல் தெரிகின்றன என்பதன்று. இனத்தின் மிஞ்சிய பன்மையில் ஒரு பங்கை அவை சுமக்கின்றன என்பதே.